பாய் யாப்பு: குற்றாலச் சீசனில் இரண்டு அறையும் பதினேழு பேரும்

பாயிரம்

நூலின் முகப்புக்குப் பாயிரம் என்று ஏன் பெயர் வந்தது என்பதற்கு இலக்கணப் புலவர்கள் பல காரணம் சொல்வார்கள். அவர்களில் ஒருவரும் ஆடி மாதத்தில் குற்றாலத்து லாட்ஜில் தங்கியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். தங்கியிருந்தால் முதலில் பாய், மற்றதெல்லாம் அப்புறம் என்று பொருள் தானே விளங்கியிருக்கும்.

பாயிரத்துக்கு எட்டு உறுப்பு வேண்டும் என்பது மரபு. இடநெருக்கடி கருதி நான்கை மட்டும் தருகிறேன். நுதலிய பொருள்: சீசன் காலத்தில் பெரிய குடும்பம் சின்ன அறையில் படுக்கும் முறை. எல்லை: கிழக்கே தென்காசிக் கோபுரம், மேற்கே திரிகூட மலை, வடக்கே பிரானூர் பார்டர் பரோட்டாக் கடைகள், தெற்கே பழைய குற்றாலம். வழி: ஆச்சி சொன்னது. கேட்போர்: “போன தடவ மாதிரியே போயிருவோம்” என்று குடும்ப வாட்ஸப் குழுவில் செய்தி போட்டுவிட்டு அப்புறம் போனை எடுக்காத சித்தப்பாமார்.

முதல்நூல் உண்டா என்று கேட்டால், இருந்திருக்க வேண்டும். தமிழுக்கு முதல் இலக்கணம் செய்தவராகச் சொல்லப்படும் அகத்தியரே குற்றாலத்து இடப்பிரச்சினைக்கும் முதல் நிபுணர். தலபுராணப்படி அங்கே முன்பு இருந்தது திருமால் கோயில். சிவபக்தர் என்று அகத்தியரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அவர் வைணவராக வேடம் போட்டு உள்ளே போய், நின்ற கோலத்தில் இருந்த திருமேனியின் தலையில் கைவைத்து அழுத்திக் குறுக்கிச் சிவலிங்கமாக்கினார். நெடுமாலைக் குறுக்கியவர் குறுமுனி. அழுத்தின அழுத்தில் சுவாமிக்குத் தலைவலி வந்துவிட்டது என்று சொல்லி இன்றைக்கும் மூலிகைத் தைலம் சாத்துகிறார்கள். இடம் பற்றாவிட்டால் ஆளைக் குறுக்கலாம் என்ற விதியும், குறுக்கினால் மறுநாள் தைலம் தேவைப்படும் என்ற புறனடையும் இந்த ஒரே கதையில் அடக்கம். அகத்தியம் என்ற நூல் முழுதாகக் கிடைக்கவில்லை. கிடைக்காமல் போன பகுதியில் படுக்கையியல் என்று ஓர் அதிகாரம் இருந்தது என்பது என் துணிபு. மறுப்பவர்கள் நூலைக் கொண்டுவந்து காட்டட்டும்.

அதுவரைக்கும் யாப்பருங்கலக்காரிகையின் சட்டகத்தைக் கடன் வாங்குகிறேன். அமிதசாகரர் உறுப்பியல், செய்யுளியல், ஒழிபியல் என்று மூன்றாக வகுத்தார். எங்கள் குடும்பத்தில் செய்யுள் எவருக்கும் வராது என்பதால் நடுவில் இருப்பதை மட்டும் படுக்கையியல் என்று மாற்றிக்கொண்டேன்.

இனி அவையடக்கம். தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் இந்தக் கோயிலைக் காப்பவர்களின் காலில் விழுந்து வணங்குவதாகக் கல்வெட்டில் வெட்டி வைத்தான். ராஜாவே அப்படி என்றால் நான் எம்மாத்திரம். இந்த ஆய்வை மேற்கொண்டு செய்யப்போகிறவர்களுக்கும் அதே நமஸ்காரம். படுத்தபடியே செய்துகொள்கிறேன், எழுந்தால் இடம் போய்விடும்.

உறுப்பியல்

தென்மேற்குப் பருவமழையைக் கேரளம் அள்ளிக்கொள்ள, மலைக்கு இந்தப்பக்கம் மிச்சம் மீதிதான் வரும். அந்த மிச்சமும் ஆரியங்காவுக் கணவாய் வழியாக நுழைந்து தென்காசி வட்டாரத்தில் சாரலாக விழுகிறது. மதுரையும் விருதுநகரும் வெயிலில் வேகிற ஜூன், ஜூலை, ஆகஸ்டில் இங்கே துண்டு காயாது. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, சிற்றருவி என்று வரிசையாகத் தண்ணீர் விழும். அமெரிக்காவில் 1971ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று டிஸ்னி வேர்ல்டைத் திறந்து, டிக்கெட் கொடுத்து, வரிசையில் நிற்கவைத்து, செயற்கை மலையிலிருந்து ஆளைத் தள்ளிவிடுகிறார்கள். இங்கே மலை நிஜம். தள்ளிவிடுவதைப் பக்கத்தில் குளிக்கிறவரே செய்துவிடுவார். ஆனால் அறைச் சிக்கல் இரண்டு ஊருக்கும் பொது. அங்கே அறைக்கு நால்வர் என்று கணினி கணக்குப் போட்டுக் கதவை மூடிவிடும். இங்கே கவுண்டரில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் நமக்குள்ள அனுகூலம்.

என் கள ஆய்வு 2009 ஜூலையில் நடந்தது. பதினேழு பேர், இரண்டு அறை. லாட்ஜ் விதி: அறைக்கு மூன்று பேர், எக்ஸ்ட்ரா பெட் போட்டால் இன்னும் இரண்டு பேர். ஆக மொத்தம் பத்து.

“எத்தன பேரு அண்ணாச்சி?”

“பெரியாளு பத்துப் பேரு. மிச்சமெல்லாம் சின்னப் பிள்ளைய” என்றார் சித்தப்பா.

மேனேஜர் என் தம்பியைப் பார்த்தார். அவன் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். மீசையை அப்போதுதான் முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இவுக?”

“பயலுக்கு வளத்தி சாஸ்தி.”

யாப்பு தெரிந்தவர்களுக்கு இதில் பொய் ஒன்றும் தென்படாது. உகரம் என்பது ஒரு மாத்திரைதான். ஆனால் சொல்லின் கடைசியில் வல்லினத்தோடு சேர்ந்து வரும்போது அது அரை மாத்திரையாகக் குறுகிக் குற்றியலுகரம் ஆகிவிடும். கூட்டத்தின் கடைசியில் பையைத் தூக்கிக்கொண்டு வருகிற பையனும் அப்படித்தான் குறுகுகிறான். அரசாங்கமே இதை ஒப்புக்கொள்கிறது. ரயிலில் ஐந்து வயதுக்குமேல் பன்னிரண்டுக்குள் இருக்கிற பிள்ளைக்குத் தனி பெர்த் கேட்டால் முழு டிக்கெட், கேட்காவிட்டால் அரை டிக்கெட் என்று 2016 ஏப்ரலில் விதி கொண்டுவந்தார்கள். அதாவது படுத்தால் முழுப் பிள்ளை, மடியில் உட்கார்ந்தால் அரைப் பிள்ளை. இதைவிடத் தெளிவாகத் தொல்காப்பியரும் சொல்ல முடியாது. அக்காவின் கைக்குழந்தையோ ஒற்று. ஒற்று எழுத்தாக இருக்கும், ஒலிக்கும், ராத்திரி முழுக்கக்கூட ஒலிக்கும். ஆனால் அலகிடும்போது கணக்கில் வராது. தாயும் பிள்ளையும் சேர்ந்தால் நிரையசை, தனியாள் நேரசை. பதினேழு தலை பத்தாக முடிந்தது இந்த வழியில்தான்.

வெள்ளைக்காரர்கள் 1867இல் சராய்களுக்கென்று ஒரு சட்டம் போட்டார்கள். திருடன் ஏறிவர வசதியாக இருக்கும் மரக்கிளைகளைச் சத்திரக்காரர் வெட்டவேண்டும் என்றுகூட அதில் இருந்தது. எங்கள் அறை ஜன்னலோரம் ஒரு கிளை நன்றாகவே நீண்டிருந்தது. அதன் வழியே திருடன் ஒருவன் வந்திருந்தாலும் கால் வைக்க இடமில்லாமல் கிளையிலேயே விடிய விடிய உட்கார்ந்திருப்பான். சட்டம் செய்தவர்கள் பெருங்குடும்பத்தைப் பார்க்கவில்லை.

அறையின் உறுப்புகளில் தலையாயது வராந்தா. பேரருவியில் தண்ணீர் நேரே தலையில் விழுவதில்லை. நடுவிலே பொங்குமாகடல் என்ற பள்ளத்தில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்து, அப்புறம் கீழே இறங்குகிறது. அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் அத்தனை உயரத்துத் தண்ணீருக்கு அடியில் யாரும் தலையை நீட்ட முடியாது. பதினேழு செருப்பு ஜோடி, ஒன்பது பை, இரண்டு தண்ணீர்க் குடம், ஒரு புளியோதரைத் தூக்குச்சட்டி இவற்றின் வேகத்தைத் தணிக்கிற பொங்குமாகடல்தான் வராந்தா. அது இல்லாத லாட்ஜில் முன்பணம் கொடுக்காதீர்கள்.

படுக்கையியல்

செருப்பு அளவு தெரிந்த என் காலால் அளந்ததில் அறை பன்னிரண்டுக்குப் பத்து அடி. 120 சதுர அடி. கட்டில் ஆறேகால் அடி நீளம், ஐந்தடி அகலம்; அதற்கு 31 போக மிச்சம் 89. இரண்டு கதவும் திறந்து மூட, டிவி மேஜை நிற்க 20 கழித்தால் 69. மனிதன் மல்லாந்தால் இரண்டடி அகலம் கேட்பான். ஒருக்களித்தால் ஒன்றேகால் போதும். ஐந்தரை அடி ஆள் ஒருக்களிக்க ஏறத்தாழ 7 சதுர அடி. 69ஐ ஏழால் வகுத்தால் ஒன்பதே முக்கால் பேர் சொச்சம். அந்த முக்காலுக்குச் சித்தப்பாவின் இளையவன், ஏழு வயது, சரியாக இருப்பான். கட்டிலில் நீளவாக்கில் இரண்டு பேர் என்பது லாட்ஜ்காரர் கணக்கு. யாப்பில் அதற்குக் குறளடி என்று பேர். மூவர் சிந்தடி, நால்வர் அளவடி. கட்டிலைக் குறுக்கே பயன்படுத்தி, முழங்காலை மடக்கி ஐந்து பேர் படுத்தால் நெடிலடி. தரையில் ஆறும் அதற்கு மேலும் போவது கழிநெடிலடி.

ஆக ஓர் அறையில் தரையில் பத்து, கட்டிலில் ஐந்து, மொத்தம் பதினைந்து. இரண்டு அறையில் முப்பது. வந்ததோ பதினேழு. ஏறக்குறைய பாதி இடம் காலி.

அப்படியும் முதல் ராத்திரி ஒன்பதிலிருந்து பதினொன்றரை மணி வரைக்கும் ஒருவராலும் படுக்க முடியவில்லை. இந்த ஆய்வின் கண்டுபிடிப்பே அந்த இரண்டரை மணி நேரத்தில் இருக்கிறது.

சீர்களை அடுக்கினால் மட்டும் வெண்பா ஆகாது. எந்தச் சீரை அடுத்து எது வரலாம் என்று தளை இருக்கிறது. மாச்சீர் போனால் பின்னே நிரை வரவேண்டும், விளச்சீர் போனால் நேர் வரவேண்டும். மாறினால் தளை தட்டும். எத்தனை நல்ல சொல்லாக இருந்தாலும் வெண்பா விழுந்துவிடும். படுக்கையும் அதேதான். மாமனார் இருக்கிற அறையில் மருமகள் தலை சாய்க்க மாட்டாள். பெரியப்பா இருக்கிற பக்கம் சித்தி வரமாட்டாள். வந்தாலும் சுவரைப் பார்த்து நின்றுகொண்டே இருப்பாள். மாப்பிள்ளை படுத்திருக்கிற அறையை மாமியார் கடக்கவேண்டுமானால் செருமிவிட்டுப் போக வேண்டும். எனக்கும் அத்தை மகளுக்கும் நடுவே குறைந்தது இரண்டு சுவரும் ஓர் ஆச்சியும் இருக்கவேண்டும் என்பது எழுதாத விதி. (அவ்வளவு ஏற்பாடும் வீண். இந்தக் கட்டுரையின் கையெழுத்துப்படியைத் திருத்திக் கொடுத்தது அத்தை மகள்தான். இந்த வரியை எடுத்துவிடச் சொன்னாள்.) இத்தனைக்கும் மேலே, வடக்கே தலைவைக்கக் கூடாது. வயதில் மூத்தவர் பக்கம் கால் நீட்டக் கூடாது. சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் குற்றாலநாதரும் குழல்வாய்மொழி அம்மையும் இருந்ததால் அந்தப் பக்கமும் கால் நீட்டக் கூடாது. தளை ஏழு வகை என்று காரிகை சொல்கிறது. நான் பதினொன்று வரை எண்ணி விட்டுவிட்டேன்.

எண்ணிக்கையில் பதினைந்து கொள்கிற அறை, முறை பார்த்தால் நான்கு பேருக்குமேல் கொள்ளாது. சதுர அடி ஏமாற்றும். அறை அளவை லாட்ஜ்காரரிடம் கேட்பதைவிட உறவு முறையை ஆச்சியிடம் கேட்பது பிழையில்லாத கணக்கு.

ஆண்கள் ஓர் அறை, பெண்களும் பிள்ளைகளும் ஓர் அறை என்று பிரித்ததும் பாதித் தளை அறுந்தது. ஆண்கள் எட்டுப் பேர். அத்தான் வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை, அவருக்குக் கட்டில். அந்தக் கட்டிலில் இன்னொருவர் ஏறுவது மரியாதை இல்லை. மிச்சம் ஏழு பேர் தரையில்: சுவரோரம் நான்கு, வாசலோரம் மூன்று. வாசல் கதவு திறக்க ஓர் ஆள் இடம் விடவேண்டும் அல்லவா? நாற்சீர் ஓரடி, முச்சீர் ஓரடி. அச்சொட்டாகக் குறள் வெண்பா. வெண்பாவின் ஈற்றுச்சீர் காசு என்ற வாய்பாட்டிலும் முடியலாம் என்பதற்கேற்ப, பணப்பையை இடுப்பில் கட்டியிருந்த சித்தப்பா கதவோரம் கடைசியாகப் படுத்தார். குறளில் தனிச்சொல் வராதே, கட்டில்மேல் அத்தான் எப்படி என்று கேட்பவர்கள், வீட்டில் மாப்பிள்ளை இல்லாதவர்கள்.

தொடை இலக்கணமும் பிசகவில்லை. எல்லார் தலையும் ஒரே வரிசையில் இருந்தால் மோனை. கால்கள் ஒரே வரிசையில் முடிந்தால் இயைபு. ஒருவர் தலைமாடு இன்னொருவர் கால்மாடு என்று மாற்றிப்போட்டால் முரண்தொடை. இதில் தோள்பட்டை இடிக்காது என்பதால் ஆளுக்குக் கால் அடி மிச்சமாகும், ஆனால் பக்கத்தில் படுத்தவர் எங்கெல்லாம் நடந்து வந்தார் என்பது மூக்குக்குத் தெரிந்துவிடும். ஒருவர் காலடியில் இன்னொருவர் தலை தொடங்கினால் அந்தாதி. இனி அளபெடை. ஓசை குறையும் இடத்தில் எழுத்து நீண்டு ஒலித்து நிரப்புவது அளபெடை. அத்தானின் குறட்டை ஓசை குறையாத இடத்திலும் நீண்டது. மற்ற எவர் குறட்டைவிட்டாலும் காலால் ஓர் உதை விடலாம். மாப்பிள்ளையை உதைக்க மரபில் இடமில்லை. தாத்தா எழுந்து உட்கார்ந்து கட்டிலைப் பார்த்தார். “நல்ல மனுசன்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

பெண்கள் அறை எனக்கு அனுமதி இல்லாத களம். பிற்காலத்தில் கிடைத்த தகவலின்படி அங்கே எந்தத் தொடையும் இல்லை. பேசிக்கொண்டே அவரவர் சரிந்த இடத்தில் தூங்கினார்கள். இப்படி எதுவும் அமையாமல் வருவதைச் செந்தொடை என்பார்கள். ஒன்பது பேரும் நன்றாகத் தூங்கினார்கள்.

ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் குடியிருந்தவர். அவர் வீட்டுக்கு ராஜாஜியும் கல்கியும் வந்து தங்கினார்கள். வட்டத்தொட்டி என்று கூட்டம் கூடிக் கம்பனைப் பாடினார்கள். விருந்தும் கவிதையும் அந்த வீட்டில் ஒரே பந்தியில் நடந்தன. அவரைப்போன்றவர் என் ஆய்வு முறையை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். அளவுகோலை வைத்துச் சீரெண்ணுகிறவர்களிடம் அவருக்குப் பிரியம் இல்லை. வாய்விட்டுப் பாடிப்பார், நின்றால் கவி, நிற்காவிட்டால் இல்லை என்பது அவர் கட்சி. கம்பராமாயணத்திலேயே பல பாட்டுகளை இடைச்செருகல் என்று தள்ளினவர். ஆச்சியும் அந்தக் கட்சிதான். எனக்கு அடியும் அங்குலமும் தெரிந்ததே தவிர ராத்திரி ஒரு மணிக்கு நடுவே வந்து நுழைகிறவரைச் செருகலா பாடமா என்று சொல்கிற காது ஆச்சிக்குத்தான் இருந்தது.

ஒழிபியல்

மேலே சொல்லாமல் விட்டதைச் சொல்வது ஒழிபியல். விட்டதில் பெரியது ஈரத்துணி.

ஓர் அருவிக்கு ஆளுக்கு மூன்று துணி நனையும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் மூன்றையும் ஒரே நாளில் முடித்தால் பதினேழு பேருக்கு 153 துணி. சாரல் காலத்தில் அவற்றில் ஒன்றுகூடக் காயாது. கட்டில் கால், ஜன்னல் கம்பி, டிவி, கதவுக் கொண்டி, ஃபேன் ரெகுலேட்டர் என்று பிடிப்புள்ள எல்லா இடத்திலும் துணி ஏறியது. நாடாவைக் கட்டிக் குறுக்கே கொடி போட்டதும் அறையின் உயரம் ஏழடியிலிருந்து நான்கடியாகக் குறைந்தது. மறுநாள் காலை நாங்கள் தவழ்ந்துதான் போய்வந்தோம். எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்களின் துண்டுகள் தனி ரகம். அவற்றை இன்னொரு துணியின்மேல் போட்டால் இரண்டுமே நடக்க ஆரம்பித்துவிடும். மனிதன் ஏழு சதுர அடியில் அடங்குவான். அவன் ஈர வேட்டி அடங்காது.

பாத்ரூம் பற்றிச் சுருக்கமாக. தண்ணீர் கொட்டுகிற ஊருக்குத் தண்ணீருக்காகவே வந்த பதினேழு பேர், விடிகாலை ஐந்தரைக்கு இரண்டு பிளாஸ்டிக் வாளிக்காக மனத்தாங்கல் கொண்டார்கள். இதில் ஆராய ஒன்றுமில்லை.

இடம் தீர்ந்தால் காலத்தால் பெருக்கலாம் என்பதை மாமா கண்டுபிடித்தார். மாமா மில் வேலைக்காரர். ஷிஃப்ட் அவர் ரத்தத்தில் ஓடியது. பேரருவியில் விளக்குப் போட்டிருப்பதால் சீசன் காலத்தில் நடுராத்திரியிலும் குளிப்பார்கள். பகலில் அரைமணி நேரம் நெருக்கிப்பிடித்துத் தலையை நீட்டுகிற இடத்தில் ராத்திரி இரண்டு மணிக்குச் சாவகாசமாக நிற்கலாம். “ராத்திரி ஷிஃப்டுக்கு நாலு பேரு வாங்க, வந்து நாம பகல்ல படுத்துக்கிடுவோம்.” நாங்கள் நால்வர் கிளம்பினோம். காலி செய்த நாலு சீரில் மற்றவர்கள் கையைக் காலை நீட்டினார்கள். திரும்பி வந்தபோது அந்தக் கைகளும் கால்களும் வேரோடியிருந்தன. விடியும்வரை படியில் உட்கார்ந்து நேந்திரங்காய் சிப்ஸ் தின்றோம். கோட்பாடு சரி. நிலத்தை மீட்பதற்குத்தான் வழி சொல்லப்படவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் மேலே மலையில் நல்ல மழை. பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுந்தது. அங்கே போலீஸ் விசில் ஊதினால் எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். வெள்ளம் எப்போது இறங்கும் என்று மலைக்குத்தான் தெரியும். குளிக்கத் தடை. அருவியை நம்பிச் செய்த அத்தனை படுக்கைக் கணக்கும் ஒரு விசிலில் அறைக்குத் திரும்பியது. ஊரிலுள்ள எல்லா லாட்ஜிலும் அதே நேரத்தில் எல்லாரும் உள்ளே.

சித்தப்பாவும் தம்பியும் பிரானூருக்குப் போய்ப் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் பார்சல் வாங்கி வந்தார்கள். பார்டர் கடைப் பரோட்டா உள்ளங்கை அகலம்தான். ஆளுக்கு எத்தனை என்று எண்ணுவது அங்கே வழக்கமில்லை. பெண்கள் அறையில் வைத்துப் பிரித்தார்கள். தின்ன வந்தவர்கள் போகவில்லை. தாத்தா 1950களில் இதே ஊருக்கு மாட்டுவண்டியில் வந்த கதையை ஆரம்பித்தார். பெரியப்பா வாசற்படியில் நின்றபடி கேட்டார்; பின்னே கதவோரம் உட்கார்ந்தார். மணி பத்து, பதினொன்று. பதினேழு பேரும் ஒரே அறையில். பக்கத்து அறை பூட்டிக்கிடந்தது, துணிகளோடு.

தளை என்னவாயிற்று என்று கேட்கவேண்டும். யாரும் படுக்கவில்லை, எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். படுத்தால்தான் இலக்கணம். உட்கார்ந்தபடி தூங்கிப்போனவர் எந்தப் பக்கம் சரிந்தாலும் அது பிழை அல்ல, வழுவமைதி. அப்படியே ஒவ்வொருவராகச் சரிந்தார்கள். என் கணக்கில் பதினைந்துக்குமேல் கொள்ளாத அறையில் பதினேழாவது ஆளும் சரிந்தபோது ஆச்சி கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள்: “எல்லாரும் கொஞ்சம் தள்ளிப் படுங்கல.” எல்லாரும் தள்ளினார்கள். இடம் வந்தது.

ஜெர்மானியக் கணிதர் டேவிட் ஹில்பர்ட் 1920களில் ஒரு சொற்பொழிவில் ஒரு ஓட்டலைக் கற்பனை செய்தார். முடிவில்லாத அறைகள், எல்லாம் நிரம்பிவிட்டன. ஒரு புது விருந்தாளி வருகிறார். ஒன்றாம் அறைக்காரர் இரண்டுக்கு, இரண்டாம் அறைக்காரர் மூன்றுக்கு என்று எல்லாரும் ஓர் அறை தள்ளிப்போனால் முதல் அறை காலி. இதற்கு ஹில்பர்ட்டுக்கு முடிவில்லாத அறைகள் வேண்டியிருந்தன. ஆச்சிக்குப் பன்னிரண்டுக்குப் பத்து அடி போதுமாக இருந்தது.

மறு ஆய்வு 2023 ஜூலை. இதற்குள் 2019 நவம்பரில் திருநெல்வேலியைப் பிரித்துத் தென்காசியைத் தனி மாவட்டமாக்கி, வட்டாரத்துக்கே தாராளமாக இடம் விட்டிருந்தார்கள். தாத்தா இல்லை. ஆச்சிக்கு எண்பத்தாறு. அந்த ஒற்று இப்போது ஒன்பதாம் வகுப்பு. மீசைக்காரத் தம்பி பெங்களூரில் கை நிறையச் சம்பாதிக்கிறான். ஐந்தருவிப் பக்கம் புது ரிசார்ட்டில் ஆன்லைனில் ஐந்து அறை போட்டிருந்தான். வயதையெல்லாம் உண்மையாகவே பதிந்திருந்தான். அறைக்கு ஒரு கார்டு, அறைக்கு இரண்டு பாத்ரூம் செருப்பு, துணி காயவைக்க மிஷின். படுக்கைப் பட்டியலைத் தட்டச்சுச் செய்து குழுவில் அனுப்பினான். தளை தட்டாத, எதுகை மோனை சுத்தமான பட்டியல். பார்த்துச் சொல்லச் சொன்னான். பிழை சொல்ல ஒன்றுமில்லை.

ராத்திரி பார்சலை ஆச்சி அறையில் பிரித்தோம். பன்னிரண்டு மணிக்கு அந்த அறையில் பதினாறு பேர். மூன்று அறையில் கார்டே செருகவில்லை. நாலாவதில் அத்தான் மட்டும், மரியாதைக்கு, ஏசி போட்டு, முழுக் கட்டிலில் தனியாக. மாப்பிள்ளைக்கு இன்னும் அந்த இடம் போகவில்லை.

ஒன்றேகாலுக்குக் கதவு தட்டுகிற சத்தம். தம்பி எழுந்து திறந்தான். அத்தான் தலையணையை இடுக்கிக்கொண்டு நின்றார்.

“அங்கன ஏசி சத்தம் சாஸ்தியா இருக்கு. தூக்கம் வரல.”

உள்ளே கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு முழம் இடம் கூடக் கிடையாது. நான் மனசுக்குள் அளந்து பார்த்தேன். இடைச்செருகலேதான், எந்தப் பதிப்பாசிரியரும் அடித்துவிடுவார்.

“தள்ளிப் படுங்கல” என்றாள் ஆச்சி, கண்ணைத் திறக்காமல்.

தள்ளினோம். அவர் நடுவில் வந்து ஒருக்களித்தார். பத்து நிமிஷத்தில் அளபெடை தொடங்கியது.